அமைப்பான் என்றொரு சொல்

நம் உடலின் உயிரணுக்கள் யாவும் ஒரே கருமுட்டையின் வழித்தோன்றல்கள். எனினும் சில தோலாகின்றன, சில நரம்பாகின்றன, சில தசையாகின்றன. எந்த அணு எத்திசுவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினா ஜெர்மானிய விலங்கியலாரைப் பிளவுபடுத்தியிருந்தது. 1888இல் வில்ஹெல்ம் ரூ, இரண்டாகப் பிரிந்த தவளைக் கருவில் ஓர் அணுவைச் சுடுஊசியால் கொன்றார். எஞ்சியது அரைக் கருவாக வளர்ந்தது. அணுவின் விதி அணுவுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் முடிபு. சில ஆண்டுகளில் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் கருவணுக்கள் இரண்டையும் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் சிறிதாயினும் முழு உருவமே பெற்றது. ரூ கொன்ற அணுவோ ஒட்டியபடியே கிடந்தது. அண்டை வீட்டார் இறந்ததை மற்றது அறியவில்லை போலும்!

ஆக, அண்டைதான் விதியா? இதற்கு விடை தந்த சோதனை ஃப்ரைபர்க் நகரில், 1921, 1922 ஆண்டுகளின் வசந்தத்தில் நிகழ்ந்தது. செய்தவர் ஹில்டே மாங்கோல்ட் என்னும் ஆய்வு மாணவி. வழிகாட்டி ஹான்ஸ் ஸ்பெமான். நியூட் என்பது தவளையைப் போலவே இருவாழ்வி வகுப்பைச் சார்ந்த, வாலுள்ள சிற்றுயிர். வெளிறிய நிறமுடைய ஒரு நியூட் இனத்தின் இளங்கருவில், அணுக்கள் உள்மடியத் தொடங்கும் துளையின் மேலுதட்டை ஹில்டே வெட்டியெடுத்து, நிறமி மிகுந்த வேறோர் இனத்துக் கருவின் வயிற்றுப் பக்கத்தில் பதித்தார். கருவோ ஓரிரு மில்லிமீட்டர் அளவே. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள் வராத காலம். பெரும்பாலான கருக்கள் மடிந்தன. பிழைத்த சிலவற்றின் வயிற்றில் இரண்டாவதாக ஒரு கரு, முதுகுநாணும் நரம்புக் குழலுமாக முளைத்தது.

நிற வேறுபாடுதான் இச்சோதனையின் உயிர்நாடி. ஒரே இனத்தில் ஒட்டியிருந்தால், ஒட்டிய துண்டே இரண்டாம் கருவாக வளர்ந்தது என்று எண்ண இடமிருந்திருக்கும். நுண்ணோக்கியில் தெரிந்ததோ வேறு. முதுகுநாண் பெரும்பாலும் வெளிறிய துண்டிலிருந்து வந்தது. நரம்புக் குழலோ பெரும்பாலும் ஏற்ற கருவின் நிறமுள்ள அணுக்களால் ஆகியிருந்தது. வயிற்றுத் தோலாக வேண்டிய அணுக்கள் புதிய அண்டையின் சொற்கேட்டு நரம்பாயின. அவ்வுதட்டுக்கு ஸ்பெமான் இட்ட பெயரை நாம் 'அமைப்பான்' எனலாம்.

1924இல் வெளியான கட்டுரையில் ஸ்பெமானின் பெயர் முதலிலும் ஹில்டேயின் பெயர் அடுத்தும் இருந்தன. பிற மாணவர்களின் ஆய்வுகள் அவரவர் பெயரிலேயே வெளிவந்ததையும், இவ்வேற்பாட்டில் ஹில்டேக்கு மனக்குறை இருந்ததையும் உடன்பயின்ற விக்டர் ஹாம்பர்கர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். கருத்து ஆசிரியருடையது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தக் கைகள் இல்லையேல் அக்கருத்துக்குச் சான்றேது? அதே ஆண்டு செப்டம்பரில், கைக்குழந்தையை விட்டு, அடுப்பு விபத்தில் தீப்பற்றி அவர் இறந்தார். வயது 25. 1935இல் நோபெல் பரிசு ஸ்பெமானுக்கு வந்தது.

அமைப்பான் பேசும் மொழி எது என்ற தேடல் நெடுங்காலம் திசையறியாது அலைந்தது. 1932இல், கொல்லப்பட்ட அமைப்பானும் நரம்பைத் தூண்டக் கண்டனர். தொடர்பே இல்லாத பொருள்களும், மெத்திலீன் நீலம் என்னும் சாயமும்கூட அவ்வாறே செய்யவே, பலர் சலித்து விலகினர். தவளைக் கருவில் 1992இல் நாகின், 1994இல் கார்டின் என இரு புரதங்கள் அடையாளம் காணப்பட்ட பின்னரே தெளிவு பிறந்தது. புறப்படை அணுக்கள் இயல்பாகவே நரம்பாகக் கூடியவை, பி.எம்.பி. என்னும் புரதமே அவற்றைத் தோலாக்குகிறது. அமைப்பான் வெளியிடும் நாகினும் கார்டினும் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வாயை அடைக்கின்றன. அதாவது, நரம்பாகு என்று அது ஆணையிடுவதில்லை. தோலாகு என்னும் ஆணை சென்று சேராமல் தடுக்கிறது. இதற்குத் தடுப்பான் என்ற பெயரே பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. பாடநூல்கள் இன்றும் ஸ்பெமானின் சொல்லையே எழுதுகின்றன. அதனோடு மாங்கோல்டின் பெயரையும் இப்போது சேர்த்து வழங்குகிறார்கள்.