குறி பயில ஓர் இடம்

கௌஹாத்தி நகரில் சாந்த்மாரி என்றொரு பேட்டை உண்டு. அதே பெயரில் கேங்டாக்கில் ஒன்று; பீகாரின் மோதிஹாரியில் ஒன்று; மிசோரத்தின் தலைநகராகிய ஐசாலில் ஒன்று. பட்டாளமோ காவற்படையோ நெடுங்காலம் தங்கியிருந்த வேறு சில ஊர்களிலும் இப்பெயர் வழங்கக் காணலாம். அங்கெல்லாம் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. நாள்தோறும் அவ்வழியே நடப்போருள் அப்பெயரின் பொருளை நினைப்போர் சிலரே.

'சாந்த்' என்பது நிலவு. 'மாரி' என்பது அடித்தல். குறி பார்ப்பதற்கு நட்டு வைக்கும் வட்ட இலக்கை நிலவென்று அழைத்தனர் நம் வடபுலத்துச் சிப்பாய்கள். நிலவை அடித்துப் பழகிய இடம் சாந்த்மாரி ஆயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், இச்சொல்லுக்கு நேராகச் 'சுடுதளம்' என்று எழுதும்போதெல்லாம், நிலவு கைநழுவிப் போயிற்றே என்று சற்றே வருந்துவதுண்டு.

பெயரைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது அப்பெயர் தெரிவிக்கும் வரலாறு. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்று தேர்ந்தெடுத்த நிலம், ஊருக்கு நடுவே வந்துவிட்டது. பயிற்சியோ வேறிடம் தேடிப் போயிற்று. ஆயுதம் பழகுவோர்க்கும் அக்கம்பக்கத்தில் வாழ்வோர்க்கும் தீங்கு நேராத பொது இடம் எது என்னும் வினா, ஒருமுறை விடை கண்டு முடித்துவிடக் கூடியதன்று. அது தலைமுறைதோறும் திரும்ப எழுந்து வந்திருக்கிறது.

துப்பாக்கி பரவுவதற்கு முன்பே இங்கிலாந்தில் இவ்வினா எழுந்தது. அங்கே வில்லே நாட்டின் காவலாக இருந்த காலம் அது. 1363-ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு மன்னர், விடுமுறை நாள்களில் மக்கள் வில் பழக வேண்டுமென்று ஆணையிட்டார். 1541-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், ஒவ்வோர் ஊரும் இலக்கு மேடுகளை அமைத்துப் பேண வேண்டுமென விதித்தது. இருபத்து நான்கு வயது நிரம்பியோர் 220 கெஜத்திற்குக் குறைந்த தொலைவில் இலக்கு வைத்து எய்யலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதி.

சட்டம் இயற்றுவது எளிது. நிலம் கிடைப்பது அரிது. 1498-ஆம் ஆண்டில் இலண்டன் மதிலுக்கு வெளியே மூர்கேட் பகுதியில் இருந்த தோட்டங்களை அழித்து, வில்லாளர்க்கென வெளி ஒன்றை உண்டாக்கினார்கள். சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்து வயல்வெளிகளை வேலியும் அகழியும் சூழ்ந்தன. 1514-ஆம் ஆண்டில் நகர மக்கள் பொறுமை இழந்தனர். கோமாளி வேடம் பூண்ட ஒருவன் மண்வெட்டி கொணருமாறு தெருவெங்கும் கூவிச் சென்றான் என்றும், திரண்ட கூட்டம் வேலிகளைப் பிடுங்கி அகழிகளைத் தூர்த்தது என்றும் அக்காலத்து வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். பொதுவெளி குறைகிறதே என்று மக்கள் மண்வெட்டி ஏந்திய அந்நிகழ்ச்சி இன்றும் நம் கருத்தைக் கவர்கிறது.

அம்பு விழுந்த இடத்தில் நின்றுவிடும். தோட்டா அவ்வாறு நிற்பதில்லை. இலக்கைத் துளைத்த பின்னும் அதன் வேகம் அடங்குவதில்லை. ஆகவே துப்பாக்கிப் பயிற்சிக்கு இடம் தேடுவோர் முதலில் காண வேண்டியது இலக்கை அன்று. இலக்கிற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையே ஆகும். இயற்கையான குன்று இருந்தால் நன்று. இல்லையெனில் உயர்ந்த மண்மேடு எழுப்ப வேண்டும். கல் கலவாத மண்ணாயிருப்பது அவசியம். கல்லில் பட்ட தோட்டா எத்திசையில் தெறிக்கும் என்று யாரும் சொல்ல இயலாது. மேட்டின் முன்னே ஆழமான பள்ளம் தோண்டி, இலக்கை ஏற்றி இறக்குவோர் அதனுள் மறைவாக நிற்பர். சுடுதல் நடக்கும் வரையில் செங்கொடி பறக்கும். கட்டளை பிறவாமல் ஒருவரும் முன்னே அடி எடுத்து வைக்கலாகாது. எளிய விதிகளே எனினும், ஒவ்வொன்றும் உயிர் காக்கும் விதி.

உட்புறம் வழவழப்பாக இருந்த பழைய துப்பாக்கி, நூறு கெஜத்திற்கு அப்பால் குறி தவறுவது இயல்பு. 1853-ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கியோ, குழலுக்குள் திருகு வரிகள் வெட்டப் பெற்றது. 900 கெஜம் வரையிலும் அதற்கு மேலும் குறி பார்க்க அதில் அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன. இப்புதிய கருவியைக் கற்பிப்பதற்காக நம் நாட்டில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சிக் கூடங்கள் ஏற்பட்டன. அத்துப்பாக்கிக்குரிய தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய செய்தி 1857 ஜனவரியில் டம்டத்திலிருந்து பரவி, பெரும் எழுச்சிக்கு ஒரு காரணமானதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். குறி பயிலும் களமொன்று ஒரு நாட்டின் வரலாற்றையே அசைத்தது.

துப்பாக்கியின் எட்டும் தொலைவு கூடக் கூட, களத்தின் நீளமும் கூட வேண்டியதாயிற்று. இதற்குத் தெளிவான சான்று விம்பிள்டன் வெளியாகும். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையெடுப்பு நேருமோ என்னும் அச்சத்தால் இங்கிலாந்தில் தொண்டர் படைகள் எழுந்தன. குடிமக்கள் குறி பயிலவென்று தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அவ்வாண்டே தோன்றியது. 1860 ஜூலையில் இலண்டனுக்கு அருகிலுள்ள விம்பிள்டன் பொதுவெளியில் முதற் போட்டி நடைபெற்றது. தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசைக்கயிற்றை விக்டோரியா அரசி இழுத்துத் தொடங்கி வைத்தார். ஆண்டுதோறும் கூடாரங்கள் எழுந்தன. அவ்வெளி பெரிய திருவிழாக் களமாயிற்று.

ஆனால் இரயில் வந்தது. இரயிலோடு வீடுகள் வந்தன. வெளியின் விளிம்பு வரை குடியிருப்புகள் நெருங்கின. 1888-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட லீ-மெட்போர்டு துப்பாக்கியின் தோட்டா, ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லவல்லது. துப்பாக்கியும் வளர, ஊரும் வளர, இரண்டிற்கும் இடையே இருந்த வெற்றிடம் சுருங்கிற்று. 1889-ஆம் ஆண்டோடு விம்பிள்டன் போட்டிகள் முடிவுற்றன. அடுத்த ஆண்டே சங்கம் சர்ரே மாவட்டத்துப் புதர் நிலமாகிய பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. விபத்துக்குக் காத்திராமல், மரியாதையாக விலகிச் சென்ற அச்செயலே பாராட்டிற்குரியது. பிஸ்லியில் இன்றும் குறி பயில்கின்றனர். விம்பிள்டன் வெளியில் இன்று மக்கள் உலாவுகின்றனர்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது, ஐரோப்பியர்க்கோ விலக்களித்தது. களங்கள் இருந்தன, அவை பட்டாளத்துக்கும், பெரும்பாலும் ஐரோப்பியர் அடங்கிய தொண்டர் படைகளுக்கும் உரியவை. காங்கிரஸ் மகாசபை தன் தொடக்க ஆண்டுகளிலேயே இச்சட்டத்தை மாற்றுமாறு தீர்மானங்கள் இயற்றியது. அக்காலத்தில் சாந்த்மாரி நம் ஊரில் இருந்தது, நமக்குரியதாக இல்லை.

1938-ஆம் ஆண்டில் படைப்பயிற்சிக்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் நிலங்களை அறிவிக்கை செய்ய ஒரு சட்டம் பிறந்தது. அபாய மண்டலம் குறிப்பதும், அதிலிருந்து மக்களை விலக்குவதும், சேதத்திற்கு ஈடு கொடுப்பதும் அதில் உண்டு. காகிதத்தில் இவை செம்மையானவை. ஆயினும் மனிதர் இல்லாத நிலமென்று நாம் கருதுவது, பல வேளைகளில் வேறொருவரின் மேய்ச்சல் நிலமாக இருந்து விடுகிறது. காஷ்மீரத்துப் பட்காம் மாவட்டத்தில் தோசமைதான் என்னும் பசும்புல்வெளி 1964-ஆம் ஆண்டில் பீரங்கிப் பயிற்சிக்கு ஐம்பதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வெடிக்காமல் புல்லில் கிடந்த குண்டுகளைத் தொட்டும் மிதித்தும் மாண்டோர் அறுபதுக்கு மேற்பட்டோர் எனச் செய்திகள் கூறுகின்றன. ஆடு மேய்த்தவர்களும் சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். 2014-ஆம் ஆண்டில் குத்தகை முடிந்தது; புதுப்பிக்கப்படவில்லை. இராணுவமே வெளியைத் துப்புரவு செய்தது. இன்றைய ஜார்க்கண்டில் நேதர்ஹாட் பகுதிப் பழங்குடி மக்கள் 1994 மார்ச்சில் வழிமறித்து அமர்ந்து பீரங்கிப் படையைத் திரும்பிப் போகச் செய்தனர். 2022-ஆம் ஆண்டில் அக்களத்தின் அறிவிக்கையை நீட்டிப்பதில்லை என மாநில அரசு முடிவு செய்தது. படைக்குப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. பின்னால் யார் வாழ்கிறார் என்னும் வினாவை முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

விடுதலைக்குப் பின் குறி பயிலும் கலை பொதுமக்களை நோக்கித் திரும்பிற்று. 1948-ஆம் ஆண்டில் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. காக்கி உடுத்திய மாணவர் எத்தனையோ பேர், வயிறு தரையில் படப் படுத்து, முதன்முதலாகத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினர். 1951-ஆம் ஆண்டில் இந்திய தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதற் சபாநாயகரான மாவ்லங்கர் அதன் முதல் தலைவரானார். 1959-ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. பீகானேரைச் சேர்ந்த டாக்டர் கர்ணி சிங் 1962-ஆம் ஆண்டில் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுக்காகத் தில்லித் துக்ளகாபாதில் எழுந்த சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தனை நூற்றாண்டுகளாக நிலத்தைத் தேடிய மனிதன், இறுதியில் வேறொரு வழியும் கண்டான். நிலத்தைப் பெருக்க இயலாவிடில் கருவியைச் சிறிதாக்கலாம் அல்லவா! காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கி, 4.5 மில்லிமீட்டர் ரவை, பத்து மீட்டர் தொலைவு. நான்கு சுவர்களுக்குள் ஒரு கூடமே போதும். 1984-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இப்பிரிவில்தான், 2008-ஆம் ஆண்டில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றார். 2024-ஆம் ஆண்டில் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலங்கள் பெற்றதும் பத்து மீட்டர்க் கைத்துப்பாக்கியில்தான். நிலவு சிறுத்து ஒரு பொத்தானளவு ஆயிற்று. ஆனால் அதை அணுகும் வாயில் அகன்றது.

எனினும் காற்றுத் துப்பாக்கியும் விளையாட்டுப் பொருளன்று. கண்ணைப் பறிக்கும் ஆற்றல் அதற்கும் உண்டு. அரை அங்குலமும் இல்லாத .22 தோட்டா, தடுப்பாரின்றிச் சென்றால் ஒரு மைல் வரை போகக்கூடியது. ஆதலால் ஆற்றங்கரையிலோ, ஊர்ப்புறத்துத் தரிசிலோ, மொட்டை மாடியிலோ நின்று குறி பழகலாம் என்று எண்ணும் இளைஞர்க்கு நாம் கூறுவது ஒன்றே: உரிமம் பெற்ற களத்தை நாடுங்கள்; அங்கே மேடும் உண்டு, மேற்பார்வையும் உண்டு. அத்தகைய களம் அருகில் இல்லையெனில், அதை அமைத்துத் தருமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்பதே குடிமகனுக்கு அழகு. ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் நூலகமும் கேட்பது போன்றதே அதுவும்.

கௌஹாத்திச் சாந்த்மாரியின் கடைத்தெருவில் இன்று மண்மேட்டைத் தேட வேண்டாம். அங்கே நிலவென்று நட்ட இலக்கு என்றோ இற்றுப் போயிற்று. பெயர் மட்டும் எஞ்சி நின்று நமக்கொன்று நினைவூட்டுகிறது: குறியைக் காண்பவன் கண் கூரியதாக இருந்தால் போதாது, குறிக்கு அப்பாலும் அது காண வேண்டும்.