பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் பாடப் பிரிவுகளின் வளர்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

பினாங்கில் தமிழ்வழித் தொடக்கக்கல்வியின் வரலாறு 1816ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஆங்கிலிக்கன் திருச்சபைப் போதகர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அதனோடு இணைந்து தமிழ் வகுப்பும் நடந்தது. மாணவர் வரவு போதாமல் அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு 2016இல் கொண்டாடப்பட்டதற்கு அந்தச் சிறு வகுப்பே ஆதாரம். லவ் லேனில் வாடகை வீட்டில் நடந்த பள்ளி பின்னர் ஃபார்குவார் தெருவுக்கு மாறியது. அங்கே எழுந்த கட்டடத்தில்தான் பிற்காலத்தில் பினாங்கு மாநில அருங்காட்சியகம் அமைந்தது.

அந்த முதல் வகுப்பில் ‘பாடங்கள்’ என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல அதிகம் இருந்திருக்காது. அக்காலத் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்புக்கு முன்மாதிரி திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுத்துப் பழகுவது, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனம் செய்வது, எண்சுவடி ஒப்பிப்பது எல்லாம் ஒரே ஆசிரியரிடம், ஒரே இருப்பில் நடந்தவை. மொழி, கணக்கு, ஒழுக்கம் ஆகிய மூன்றுக்கும் நடுவே மணியடித்துக் கோடு கிழிக்கும் வழக்கம் அங்கு இல்லை. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். மதராஸ் எழும்பூர் அநாதை இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்து 1797இல் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பெயர் பெற்ற அது, பினாங்குப் பள்ளி தோன்றிய ஆண்டுகளில் ஆங்கிலிக்கன் திருச்சபை சார்ந்த பள்ளிகளில் பெருஞ்செல்வாக்கோடு இருந்தது. தமிழகத் திண்ணையில் புழங்கிய உத்தி சீமைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது காலனியக் கல்வி வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளிகள் தோன்றின. ஆங்கிலம் படிக்கத் தமிழ் ஏணியாக வைக்கப்பட்டது. துறைமுகத்துக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள்; அந்தத் தேவைக்கு ஆங்கிலக் கையெழுத்தும் கணக்கும் போதும். வசதியுள்ள நகரத் தமிழர்கள் பிள்ளைகளை நேரே ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் போக்கு அப்போதே வேர்விட்டது. தமிழ்வழிப் பள்ளி பெரும்பாலும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியதாயிற்று.

தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாநிலம், அதாவது இன்றைய செபராங் பிறை, வேறொரு வகைப் பள்ளிக்குத் தொட்டிலாயிற்று. கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டபோது, 1870ஐ ஒட்டி அங்கே தோட்டப் பள்ளிக்கூடங்கள் தலைகாட்டின. அண்டையிலிருந்த மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எந்த மாதிரிப் பள்ளி என்பதை நிர்வாகத்தின் மனத்துக்கே விட்டுவிட்டது. கோயில் மண்டபமோ லயத்தின் ஓர் ஓரமோ வகுப்பறையானது. கங்காணியோ கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த வேறு யாரோ வாத்தியார் ஆனார். பால்மரக் காட்டு வேலைக்குப் பிள்ளைகளும் போனதால் படிப்பு அரை நாளுக்குச் சுருங்கியது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றைத் தாண்டி இங்கே எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருந்ததால் ஒரு வரிசை எழுதும்போது மறுவரிசை வாய்ப்பாடு சொல்லும்.

பாடநூல்கள் மதராசிலிருந்து கப்பலேறி வந்தன. அந்நூல்களின் ஆறு காவிரி. அவற்றின் கணக்கு ரூபாய், அணா, பை. வாசலைத் தாண்டினால் வெள்ளியும் காசும் புழங்கும் ஊரில் பிள்ளைகள் அணாக்கணக்குப் போட்டார்கள். இந்திய விடுதலை இயக்கத்தின் காற்றும் இந்நூல்களின் வழியாகவும் இதழ்களின் வழியாகவும் பினாங்கை எட்டியது. தீவில் இன்றும் இயங்கும் இராஜாஜி, சுப்பிரமணிய பாரதி, இராமகிருஷ்ணா, ஆசாத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்கள் அந்தக் காலத்து மனநிலையைக் காட்டுகின்றன. எதிர்க்கரைப் பள்ளிகளோ வால்டோர், ஜாவி, பைராம், மலாக்கோப், மேய்பீல்ட் என்று தோட்டத்தின் பெயரையே சுமக்கின்றன. தீவில் சமூகம் பெயர் வைத்தது. எதிர்க்கரையில் துரைமார் வைத்த பெயர் பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டது.

பாடங்களுக்கு நாடு தழுவிய ஒரே வடிவம் வந்தது 1950களில்தான். 1951இல் வெளியான பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாகும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீன, இந்தியச் சமூகங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை நடுவழி கண்டது: தமிழ், சீனப் பள்ளிகள் தத்தம் மொழியிலேயே தொடக்கக்கல்வி அளிக்கலாம், ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் பாடத்திட்டம் ஒன்றே, மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள். தமிழ்ப்பள்ளி வகுப்பறையின் இன்றைய மும்மொழி அமைப்புக்கு அடிப்படை இதுவே. பாடநூலும் மலாயாவை மையமாகக் கொள்ள வேண்டியதாயிற்று. காவிரியின் இடத்தைப் பேராக் ஆறும் பகாங் ஆறும் பிடித்தன.

1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மாணவர் ஏறத்தாழ 50,000 பேர். ஒரு பள்ளிக்குச் சராசரியாக 60 பேருக்கும் குறைவு. இத்தனை சிறிய பள்ளிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியரை வைக்க வழியில்லை. மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கத் தகுதியானவர் கிடைப்பது அதனினும் அரிது. ரஹ்மான் தாலிப் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அரசு உதவி பெறும் இடைநிலைக் கல்வியை அதிகாரத்துவ மொழிகளுக்கு உரியதாக்கியது. ஆறாம் ஆண்டு முடித்த தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளிக்குள் நுழையுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயில வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு தமிழில் கற்ற கணக்கையும் அறிவியலையும் வேற்றுமொழியில் மறுபடி பெயர் சொல்லக் கற்பதற்கே அந்த ஓராண்டு செலவாயிற்று எனலாம்.

பழைய கலைத்திட்டத்தில் மேல்வகுப்புகளுக்கு வரலாறு, புவியியல், அறிவியல் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், ஒரு நோட்டு, மனனம் செய்ய ஒரு கேள்வி-பதில் அடுக்கு. எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளிடம் இத்தனை பாடங்களைத் திணிப்பது வீண் என்ற குறைபாடு 1970களில் வலுத்தது. அதற்கு விடையாக வந்தது கேபிஎஸ்ஆர் எனப்படும் தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம். 1982இல் 302 பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டு 1983இல் நாடு முழுதும் முதலாம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, எண்ணல் ஆகிய மூன்றும் மீண்டும் நடுநாயகமாயின. இரண்டாம் படிநிலையில், அதாவது நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, அறிவியலையும் வரலாற்றையும் புவியியலையும் நலக்கல்வியையும் கலந்து ‘அலாம் டான் மனுசியா’, அதாவது இயற்கையும் மனிதனும், என்ற ஒரே பாடம் உருவானது.

வகுப்பறையின் தோற்றமும் மாறியது. கரும்பலகையை நோக்கிய வரிசைகள் கலைந்து மேசைகள் குழுக்களாயின. ஒரே பாடவேளையில் ஒரு குழு ஆசிரியரோடு எழுத்துக்கூட்டி வாசிக்கும்; மற்றொன்று வளப்படுத்தும் நடவடிக்கையில் கதை எழுதும்; பின்தங்கிய மூன்றாவது குழுவுக்குக் குறைநீக்கல் பயிற்சி. எண்ணிக்கைக்கு ஐஸ்கிரீம் குச்சியும் சோடா மூடியும் புளியங்கொட்டையும் வகுப்புக்கு வந்தன. கையெழுத்து அட்டைகளையும் பயிற்றிகளையும் இரவில் வீட்டில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டிய பாரம் ஆசிரியரின் தலையில் விழுந்தது. கோட்பாட்டளவில் கேபிஎஸ்ஆர் பிள்ளையை மையமாக வைத்தது. நடைமுறையில் அது எவ்வளவு நிறைவேறியது என்பது அந்தந்தப் பள்ளியின் ஆள்பலத்தைப் பொறுத்திருந்தது.

கலவைப் பாடம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1990களின் நடுவில் அது அறிவியல் என்றும் ‘கஜியான் தெம்பத்தான்’ என்ற உள்ளூர்ச் சூழல் பாடம் என்றும் பிரிந்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் தொடங்கியது; அதில் பின்னர் அறிவியலும் சேர்ந்தது. தமிழ்ப்பள்ளி மாணவருக்குத் தமிழில் இரண்டு தாள்கள், மலாயில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல் என ஏழு. ‘ஏழு ஏ’ என்பது தமிழ்க் குடும்பங்களின் கனவுச் சொல்லானது. நாளிதழ்கள் படங்களோடு பெயர்ப் பட்டியல் போட்டன. தேர்வில் இடம்பெறாத ஓவியம், இசை, உடற்கல்வி ஆகியவற்றின் பாடவேளைகள் ஆறாம் ஆண்டில் சத்தமில்லாமல் கணிதத்துக்கும் மலாய்க் கட்டுரைக்கும் கைமாறின. கால அட்டவணை சுவரில் ஒன்று சொல்லும். வகுப்பறையில் நடப்பது வேறாக இருக்கும்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை வந்தது. சீனப்பள்ளிகள் சீனத்தையும் உடன் வைத்துக்கொண்டு இருமொழியில் நடத்தின. தமிழ்ப்பள்ளிகளில் அவ்விரு பாடங்களும் ஆங்கிலத்துக்கு மாறின. மடிக்கணினியும் ஒளிவீச்சுக் கருவியும் குறுவட்டுகளும் வகுப்பறைக்கு வந்தன. ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை தரப்பட்டது. தமிழில் ‘பின்னம்’ என்று பழகிய ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, புரியாத முகங்களைக் கண்டதும் தமிழுக்குத் திரும்புவது இயல்பாக நடந்தது. இந்தக் கொள்கை 2009 ஜூலையில் கைவிடப்பட்டு, தாய்மொழிக்குத் திரும்பும் பணி படிப்படியாக நிறைவேறியது. சில ஆண்டுகளே நீடித்த இந்த மாற்றம், தமிழ் அறிவியல் கலைச்சொற்களைப் பழகாத ஒரு மாணவத் தலைமுறையை விட்டுச்சென்றது. அதன் பாதிப்பைச் சரியாக மதிப்பிட இன்னும் ஆய்வுகள் தேவை.

2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய, கேஎஸ்எஸ்ஆர் எனப்படும் தொடக்கப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டமும் 2017இல் வந்த அதன் சீராய்வும் பாடங்களை மறுபடி பிரித்து அடுக்கின. நான்காம் ஆண்டு முதல் வரலாறு 2014இல் தனிப்பாடமானது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் மேல்வகுப்புகளில் இடம்பெற்றது. காட்சிக்கலை, இசை, நன்னெறி, உடற்கல்வி, நலக்கல்வி ஆகியவற்றோடு சேர்த்தால் ஒரு மாணவர் வாரத்தில் தொடும் பாடங்கள் பத்துக்கு மேல். தமிழ்ப் பாடத்துக்குள்ளேயே கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் எனத் தனிப் பிரிவுகள் உண்டு. திருக்குறள், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர் ஆகியவை ஆண்டுவாரியாகப் பங்கிடப்பட்டுள்ளன. திண்ணையில் மொத்தமாக ஒப்பிக்கப்பட்ட ஆத்திசூடி இன்று ஆண்டுக்குச் சில அடிகளாக, பொருளோடும் சூழலோடும் கற்பிக்கப்படுகிறது.

அறிவியல் பாடத்தில் வேறுபாடு இன்னும் தெளிவு. முதலாம் ஆண்டில் நீரை உறிஞ்சும் பொருள், உறிஞ்சாப் பொருள் என்றொரு பகுதி உள்ளது. பிள்ளைகள் பஞ்சு, துண்டு, நெகிழிப் பை, மெல்லிழைத் தாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீரில் நனைத்துப் பிழிகிறார்கள். எதிலிருந்து எவ்வளவு நீர் வந்தது என்று பார்த்து அட்டவணையில் குறிக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு உற்றறிதல் என்று பெயர். வகைப்படுத்துதல், ஊகித்தல் ஆகியவை அடுத்த படிகள். மேல்வகுப்பில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லப் பழகுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை இச்சொற்களைத் தடையின்றிச் சொல்வது தமிழகத்திலிருந்து வருவோரை வியக்கவைக்கும். பள்ளி அளவிலும் தேசிய அளவிலும் நடக்கும் அறிவியல் விழாக்கள் இப்பழக்கத்தை வளர்த்தன.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது படிப்பு வீட்டுக்குப் போயிற்று. ‘இல்லிருப்புக் கற்றல்’ என்ற சொல் அப்போது பரவியது. வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்தால் அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பாடம் பார்த்தார்கள். மொழிப்பாடங்களும் கணிதமும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் வழியே ஓரளவு நடந்தன. செய்து பார்த்துக் கற்க வேண்டிய பாடங்கள் படுத்துவிட்டன. 2021 ஏப்ரலில் யுபிஎஸ்ஆர் ஒழிக்கப்பட்டது. இப்போது ஆசிரியரே வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை இடுகிறார். ‘எத்தனை ஏ’ என்று கேட்டுப் பழகிய பெற்றோருக்கு ‘அடைவுநிலை 4’ என்பதன் பொருளை விளக்குவதே ஆசிரியர்களுக்கு ஒரு தனிவேலையாகியுள்ளது. ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் அவற்றின் பாடவேளை திரும்பக் கிடைத்தது இதன் நன்மை.

பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாநில அரசு இவற்றுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்கிவருகிறது. 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய தொழிற்பேட்டையும் தோட்டங்களின் துண்டாடலும் குடும்பங்களை இடம்பெயர்த்ததால் மாணவர் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி பெரிதும் வேறுபடுகிறது. 150 பேருக்குக் குறைவான மாணவர் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் என வகைப்படுத்தப்படுகின்றன. எண்ணிக்கை மிகவும் குறையும் இடங்களில் இரு ஆண்டுகளை ஒன்றாக அமர்த்தும் கூட்டு வகுப்புகள் நடத்தப்படுகின்றன. அங்கே ஆசிரியர் அதே பாடவேளைக்குள் மூன்றாம் ஆண்டுக்குப் பெருக்கலையும் நான்காம் ஆண்டுக்குப் பின்னத்தையும் நடத்துகிறார். நாள் பாடத்திட்டத்தில் இரு ஆண்டுகளின் கற்றல் தரங்களையும் தனித்தனியே எழுதுகிறார். வெண்பலகையின் நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ஒரு பயிற்சியும் வலப்பக்கம் ஒரு பயிற்சியும் போடுகிறார். நகரத்துப் பெரிய பள்ளியில் இதே பாடங்களுக்குத் தனித்தனி ஆசிரியர்களும் கணினி அறையும் உண்டு. கலைத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே.