வட்டத்துக் கும்மியும் மேடைக் கும்மியும்

அர்ஜென்டினாவின் டேங்கோ நடனம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்பு கவுன், வீசி எறிகிற கால், ஆளை அப்படியே தரை வரைக்கும் சாய்ப்பது... எல்லாம் சினிமா புண்ணியம். ப்யூனஸ் அயர்ஸில் ஜனங்கள் கூடி ஆடும் 'மிலோங்கா'வுக்குப் போனால் இந்த வித்தைகளைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஜோடி ஜோடியாக அணைத்துக்கொண்டு, பக்கத்து ஜோடியை இடிக்காமல், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவார்கள். அவ்வளவுதான். 1983ல் பாரிஸிலும் 1985ல் பிராட்வேயிலும் 'டேங்கோ அர்ஜென்டினோ' மேடை நிகழ்ச்சி சக்கைப்போடு போட்ட பிறகு உலகத்துக்கு மறுபடி டேங்கோ பைத்தியம் பிடித்தது. 2003ல் ஆரம்பித்த உலக டேங்கோ போட்டியில் கூட ஆட்டம், மேடை ஆட்டம் என்று தனித்தனிப் பிரிவே உண்டு.

இந்தப் பிரிவினை நமக்கொன்றும் புதுசு இல்லை. சாமிக்காக எடுப்பது சக்திக் கரகம், ஜனங்கள் பார்க்க ஆடுவது ஆட்டக் கரகம் என்று எப்போதோ பெயர் வைத்துப் பிரித்துவிட்டோம். ஆனால் கும்மிக்கு இப்படி இரண்டு பெயர் கிடையாது. குழப்பமே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கும்மியில் முளைப்பாரியையோ விளக்கையோ நடுவில் வைத்து, பெண்கள் சுற்றி நின்று குனிந்து நிமிர்ந்து கை தட்டுவார்கள். ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முகம் எல்லாம் உள்ளே பார்த்து இருக்கும், வெளியே நிற்பவனுக்குத் தெரிவது முதுகுதான் :-) மேளம்கூட வேண்டாம், கைத்தட்டுதான் தாளம். யார் வேண்டுமானாலும் நடுவில் நுழையலாம், கால் வலித்தால் விலகிக்கொள்ளலாம்.

இதையே மேடையில் ஏற்றினால்? முதலில் வட்டம் உடையும். பார்ப்பவர்களுக்கு முகம் தெரிய வேண்டுமே, அதனால் அரைவட்டம். பிறகு ஒரே நிறச் சேலை, எண்ணி எட்டுப் பேர், ஐந்து நிமிஷம். பாட்டு ஸ்பீக்கரில் வந்துவிடுவதால் தாளமாக இருந்த கைத்தட்டு வெறும் அபிநயம் ஆகிவிடுகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் நாம் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கும்மிதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துக்குப் போக வேண்டும். 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. களப்பலிக்கு முன் அரவானை மணக்க கிருஷ்ணன் மோகினியாக வந்த கதையை வைத்து, திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் உள்ளூர் ஆண்களும் உண்டு. அன்று இரவு கற்பூரத்தைக் குவித்து ஏற்றி, அதைச் சுற்றி விடிய விடியக் கும்மி.

விழாவையொட்டி விழுப்புரத்தில் மேடை போட்டு 'மிஸ் கூவாகம்' போட்டி நடக்கும். நடை, உடை, பாவனைக்கு மதிப்பெண். ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. கிராமத்துக் கும்மிதான் அசல், மேடை எல்லாம் போலி என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலம் காலமாகக் கேலிக்காக மட்டுமே பார்க்கப்பட்டவர்கள், மைக்கில் தங்கள் பெயரைச் சொல்லி அழைக்க, நிமிர்ந்து நடந்து வருகிற இடம் அது. கேமராவும் அமைச்சர்களும் வருகிற மேடையில் வைக்கும் கோரிக்கைக்குத் தனி பலம் உண்டு. (தமிழ்நாட்டில் அவர்களுக்கான நல வாரியம் 2008ல்தான் வந்தது.) ஒரே குறை, அந்த மேடையில் கிரீடம் சிலருக்குத்தான். வயதானவர், ஆடத் தெரியாதவர், நல்ல சேலை இல்லாதவர் கீழே நின்று கை தட்டலாம்.

கற்பூர வட்டத்தில் அவர்களும் உள்ளே இருக்கிறார்கள். அங்கே கை தட்டுவதுதான் ஆட்டமே. மும்பையிலிருந்து வந்தவருக்குப் பாட்டு தெரியாவிட்டாலும் தாளம் தெரிந்தால் போதும். மறுநாள் தேரோட்டம் முடிந்து அரவான் பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, ஒப்பாரி வைக்கிறார்கள். இரவெல்லாம் தட்டிய அதே கைதான் அப்போது மாரில் அடித்துக்கொள்கிறது.