ஆதுலர்சாலையும் முப்பது நாளும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். பெயருக்கு மூன்று ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று, 1060களின் பிற்பகுதியில் வெட்டியது. பொங்கலையொட்டிப் பார்வேட்டைக்குப் போனபோது, கே.வி. சுப்பிரமணிய அய்யர் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். சாயங்காலம் சித்தப்பா பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். "இத்த கொஞ்சம் படிச்சிச் சொல்லுப்பா. எனக்கு ஒண்ணும் பிரியல." வாங்கி மூன்று வாரமான மருத்துவக் காப்பீட்டு பாலிசி. கல்லும் காகிதமும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால் வந்தது இந்த ஒப்பீடு.

இரண்டுமே நோயாளிக்கு என்ன செய்வோம் என்று எழுதிக் கொடுத்தவை. கல்வெட்டு சொல்கிற மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலர்சாலை. படுக்கை 15. காணி உரிமையோடு வைத்தியம் பார்த்தவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை வைத்தியம் செய்பவருக்கு 30 கலம். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் இன்றைய சர்ஜன்கள் சிரிப்பார்கள். மூலிகை பறிக்கவும் விறகு கொண்டுவரவும் இரண்டு ஆள், மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். படுத்திருப்பவருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. ராத்திரி எரிய ஒரு விளக்கு. இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளும் பெயர்பெயராக வருகின்றன: தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று சுமார் 20. இதற்கெல்லாம் படி அளக்க வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. யார், எவ்வளவு, எதிலிருந்து என்ற மூன்று கேள்விக்கும் சுவரிலேயே பதில் இருக்கிறது.

சித்தப்பாவின் பாலிசியில் முதல் பக்கத்தில் மட்டும் ஒரு பெரிய எண்: 5 லட்சம். மீதி முப்பத்துச் சொச்சம் பக்கமும் ஆங்கிலத்தில், எதையெல்லாம் தரமாட்டோம், எப்போதெல்லாம் தரமாட்டோம் என்பதுதான். கண்புரைக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 36 மாதம்தான், அதை முழுசாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு 71 வயது, இடது கண்ணில் புரை, பத்து வருடமாகச் சர்க்கரை.

அறை வாடகை ஒரு நாளைக்கு அந்த 5 லட்சத்தில் 1 சதவீதம்வரை, அதாவது 5,000 ரூபாய். இந்த வரியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். 8,000 ரூபாய் அறையில் படுத்தால் 3,000ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று சித்தப்பா நினைத்திருந்தார். அப்படி இல்லை. மருந்து, உடம்புக்குள் வைக்கும் கருவிகள் போன்றவை நீங்கலாக, டாக்டர் கட்டணம் முதல் தியேட்டர் கட்டணம் வரை எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் குறையும். 1,60,000 ரூபாய் 1,00,000 ஆகும். அதன்மேல் முதியோர் பாலிசி என்பதால் 20 சதவீதம் நம் பங்கு. கம்பெனி தருவது 80,000. சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "பாதிதானா?" என்றாள்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே வாங்கினால் அது ஒரு பேரம். பொறுக்க முடியாதது கடைசியில் இணைத்திருந்த விண்ணப்பப் படிவம். வங்கியில் வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் விற்ற பாலிசி அது. சர்க்கரை இருக்கிறது என்று இவர் வாயால் சொன்னதாகச் சத்தியம் செய்கிறார். படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தது. கீழே இவர் கையெழுத்து. உள்ள நோயை மறைத்ததாகக் காட்டி கிளெய்மைத் தள்ள இந்த ஒரு டிக் போதும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டி முடித்த பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அதைக் கிளற முடியாது. அதுவரை சித்தப்பா பணம் கட்டுவது பாதுகாப்புக்கு அல்ல, ஒரு வழக்குக்கு.

இங்கேதான் காகிதம் கல்லைவிட ஒரு படி மேல். சுவரில் வெட்டியதை வேண்டாமென்று திருப்பிக்கொடுக்க முடியாது. புது பாலிசியைத் திருப்பலாம். முன்பு 15 நாளாக இருந்த அவகாசத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 30 நாளாக்கியது. ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. மகனின் மின்னஞ்சலுக்கு வந்தாலும் வந்ததுதான். சித்தப்பா கவர் தபாலில் வந்த தேதியை எண்ணிக்கொண்டிருந்தார். மெயில் அதற்கு ஆறு நாள் முன்பே வந்திருந்தது. அன்று 24ஆவது நாள்.

படிவத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். திருத்தினால் பிரீமியம் ஏறும், மறுத்தாலும் மறுப்பார்கள். ஆனால் பாலிசி உண்மையாகும். ரத்து செய்தால் அடுத்ததில் காத்திருப்புக் காலம் மறுபடி முதல் நாளிலிருந்து. பழைய பாலிசி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதை விடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ரத்து செய்யலாம் என்று முடிவானது. இரண்டே வரியில் கடிதம், பாலிசி எண், கேன்சல் செய்த காசோலை, அனுப்பியதற்கு அத்தாட்சி. காப்பில் இருந்த நாட்களுக்கான பங்கு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் போக மீதியை ஏழு நாளில் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. தராவிட்டால் பீமா பரோசா தளம், அதற்கும் மேல் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அதுவரை போகவில்லை, பணம் வந்தது.

கல்லைப் புகழ்ந்துவிட்டுப் போவதும் நியாயமில்லை. அந்த 15 படுக்கையும் ஊருக்கெல்லாம் பொதுவானவையாகத் தெரியவில்லை. கோயில் பணியாளர்கள், அங்கே வேதமும் வியாகரணமும் படித்த மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்காக ஏற்பட்டது ஆதுலர்சாலை. வயலைக்காவூரில் நெல் விளைவித்துக் கொடுத்தவனுக்கு அதில் இடம் என்று நான் பார்த்த வரையில் எந்த வரியும் இல்லை. அதுவும் ஒரு விலக்குப் பட்டியல்தான். எழுதாமல் விட்ட பட்டியல்.

இப்போது சித்தப்பா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக அலைகிறார். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அங்கே காத்திருப்பு கிடையாது. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனவர், ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனின் சம்பளமும் இதே ரேஷன் கார்டில்தானே சேரும் என்று அலுவலர் கேட்டதும் யோசித்தபடி திரும்பி வந்திருக்கிறார்.