திருச்சபையின் புதுவாழ்வும் அன்பியங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

மணிமங்கலம் என்னும் பெயர் வரலாற்று நூல்களில் ஒரு போர்க்களத்தின் பெயராக இடம்பெற்றுள்ளது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை இங்கு வென்றான் என்பதைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. வென்றவன் பெயரையும் தோற்றவன் பெயரையும் நம் மாணவர் தேர்வில் எழுதுகின்றனர். அக்களத்தைச் சூழ்ந்த வயல்களில் உழுது நட்டவர் பெயரை அறிய வழியில்லை. எழுத்து எவரிடம் இருந்ததோ அவரே வரலாற்றிலும் இருந்தனர்.

நம் கல்விக் கழகம் எழுத்தை நம் மக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்துள்ளது. இவ்வேளையில், எழுத்தும் பேச்சும் எளிய மக்கள் கைக்கு வந்த மற்றொரு வழியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். கத்தோலிக்கத் திருச்சபையில் தோன்றிய அன்பியங்களே அவ்வழி. நம் மக்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர். வழிபாடு வேறாயினும் அவர்தம் வரலாறு நம் வரலாற்றினின்றும் வேறன்று.

வீட்டுச் சபைகள்

சிறு குழுவாகக் கூடி வழிபடும் முறை புதியதன்று. முதல் நூற்றாண்டுக் கிறித்தவர்க்குக் கோவில்கள் இல்லை. அவர்கள் வீடுகளில் கூடினர், அப்பம் பகிர்ந்துண்டனர், உடைமைகளைப் பொதுவில் வைத்தனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. அடிமையும் ஆண்டையும் ஒரே பந்தியில் அமர்ந்தமை அக்கால உரோமைப் பேரரசில் வியப்புக்குரிய செய்தியாகும். பின்னர் அரசின் ஆதரவு கிட்டியது, பெருங்கோவில்கள் எழுந்தன. வழிபாட்டை நடத்துவோர் குருக்களாகவும், கேட்டிருப்போர் பொதுமக்களாகவும் பிரிந்தனர்.

தமிழகத்தில் மறையும் சாதியும்

தமிழ்நாட்டில் இப்பிரிவோடு சாதிப் பிரிவும் சேர்ந்துகொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித் தளத்தில் உயர்சாதியினர்க்குத் தனிக் குருக்களும், ஒடுக்கப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகள் எனப்பட்ட வேறு குருக்களும் பணியாற்றினர். கோவிலுக்குள் தனி இடம், தனிக் கல்லறைத் தோட்டம், சேரிக்குள் நுழையாத தேர் என்பன பல ஊர்களில் வழக்கமாயின. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாரைப் பிரிக்கக் கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்தது; அது 1910-இல் இடிக்கப்பட்டது. சுவரை இடிப்பதற்கே அத்தனை காலம் ஆயிற்று என்றால், மனத்தில் உள்ளதை இடிப்பதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

செங்கற்பட்டுச் சீமையின் நிலையை மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கை விளக்கும். நிலமின்மையும் கடன்பட்ட பண்ணையடிமை முறையும் நம் முன்னோரை எவ்வாறு நசுக்கின என்பதை அவர் எழுதினார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அக்காலச் சிற்றூர்களில் குருவானவர் வருவது அரிது. உபதேசியாரே செபம் சொல்லிக்கொடுத்தார்; பல இடங்களில் அவரே அரிச்சுவடியும் கற்பித்தார். ஆயினும் மக்கள் கேட்டு ஒப்பிப்பவராகவே இருந்தனர். திருப்பலியோ இலத்தீனில் நடந்தது.

பொதுச்சங்கம் திறந்த வாயில்

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. திருச்சபை என்பது இறைமக்கள் அனைவரும் சேர்ந்த சமூகம் என்று அது வலியுறுத்தியது. வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. இந்தியாவில் இப்புதுப்பித்தலைப் பரப்பும் பொருட்டு 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் நிறுவப்பட்டது. அதனை நிறுவி நடத்தியவர் தமிழராகிய அருட்பணி அமலோர்பவதாஸ் ஆவார்.

அதே 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அருங்கொடை இயக்கம் தோன்றியது. அது பின்னர் இந்தியாவிலும் பரவி, பெருந்திரள் செபக் கூட்டங்களாக வளர்ந்தது. நோயுற்றோர்க்கும் மனம் நொந்தோர்க்கும் அஃது ஆறுதல் அளித்ததை மறுக்கவியலாது. எனினும் மேடையில் ஒருவர் பேச, பல்லாயிரவர் கேட்கும் அமைப்பு அது.

சிறு சமூகங்கள் வேறு வழியில் வந்தன. இலத்தீன் அமெரிக்காவில் குருக்கள் குறைவாக இருந்த ஏழைக் குடியிருப்புகளில் மக்கள் தாமே கூடி விவிலியம் வாசித்தனர். 1968-இல் கொலம்பிய நாட்டு மெதெயீன் நகரில் கூடிய ஆயர்கள் இவற்றை ஏற்றுப் போற்றினர். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் எளியோர்க்கும் இயலும் வாசிப்பு முறையை வகுத்தது. 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்களின் கூட்டுறவாக வாழவேண்டும் என்றனர். தமிழகத்தில் இவை ‘அன்பியம்’ என்னும் இனிய பெயரைப் பெற்றன.

அன்பியம் என்னும் பள்ளி

ஒரு பங்கில் இருபது, முப்பது குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம் ஆகும். கூட்டம் வீடுவீடாக முறைவைத்து நடைபெறும். லும்கோ முறையில் ஏழு படிகள் உண்டு. இறைவனை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை எடுத்துரைத்தல், மௌனம் காத்தல், பகிர்ந்து பேசுதல், செய்யவேண்டியதை ஆய்தல், செபித்து முடித்தல் என்பன அவை.

ஆசிரியராகிய நாம் இவற்றுள் ஐந்தாம், ஆறாம் படிகளைச் சிறப்பாகக் கருதுகின்றோம். களையெடுத்துத் திரும்பிய பெண் ஒருத்தி பத்துப் பேர் நடுவில் தன் கருத்தைச் சொல்கிறாள், இடைமறிப்பார் இலர். அடுத்து, ‘நாம் என்ன செய்யலாம்?’ என்னும் கேள்வி எழுகின்றது. தெருவிளக்கும் குடிநீரும் முதியோர் உதவித்தொகையும் அங்குப் பேசப்படலாம். மனு எழுத ஒருவர் முன்வருவார். வாசிக்க எழுத்தறிவு வேண்டும். ஆதலால் எழுத்தின் மீது வேட்கை பிறக்கும். 1990-களில் அறிவொளி இயக்கம் இரவு வகுப்புகளில் செய்ததை ஒத்த பணி இது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் எளிய நடையும் இதற்குத் துணையாயிற்று.

தெருவும் எல்லையும்

எனினும் ஒரு குறையைச் சுட்டாது செல்லுதல் முறையாகாது. அன்பியங்களைத் தெருவாரியாகப் பிரிப்பது வழக்கம். நகரத்தில் அது வசதி. சிற்றூரில் தெரு என்பதே சாதி. ஊர்த்தெருவுக்கு ஓர் அன்பியமும் சேரிக்கு ஓர் அன்பியமும் அமையுமாயின், இரண்டிலும் ஒரே நற்செய்தி வாசிக்கப்பட்டும் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் அமரமாட்டார். பழைய சுவர், கல்லின்றி மீண்டும் எழுந்துவிடும்.

இஃது வீண் அச்சமன்று. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப்பங்கு வேண்டிப் போராடியபோது, 2008 மார்ச்சில் அவர்கள் தாக்கப்பட்டனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தமிழக ஆயர்கள் 1990-இல் தலித் கிறித்தவர் முன்னேற்றத்திற்குப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தனர். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, முதல் தலித் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இவை மகிழ்ச்சிக்குரியன. ஆயினும் உரோமையில் கிடைத்த இருக்கை, ஊர்த்தெருத் திண்ணையிலும் கிடைத்ததா என்பதே நம் கேள்வி.

அரசின் பக்கமும் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்க்கும், 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவர்க்கு விரியவில்லை. ஆலயத்தில் தாழ்த்தப்பட்டவர், அலுவலகத்தில் தாழ்த்தப்படாதவர் என்னும் இரட்டைத் துன்பம் இவர்களுடையது.

நிலம் கேட்ட வேளையில் இப்பிரிவுகள் நிற்கவில்லை. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான இருவர் ஜான் தாமஸ், ஏழுமலை. இவ்விரு பெயர்களையும் நம் மாணவர் அறிதல் வேண்டும்.

இன்றைய தேவை

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் நம் வட்டாரம் விரைந்து மாறியது. ஒரகடம் வரை ஆலைகள் எழுந்தன. இளைஞர் ஷிப்டுக்குச் செல்வதால் மாலைக் கூட்டங்களுக்கு வர இயலவில்லை. வேறு மாநிலத்தவர் அறை எடுத்துத் தங்குகின்றனர். அவர்களுக்கு இங்குத் தெருவும் இல்லை, உறவும் இல்லை. பெல்ஜிய நாட்டில் கார்டைன் அடிகளார் இளந்தொழிலாளர் இயக்கத்தில் கற்பித்த ‘காண், ஆய்ந்து தெளி, செயற்படு’ என்னும் முறை இவ்விடத்திற்குப் பெரிதும் பொருந்தும்.

முடிவாக ஒன்று கூறுவோம். ஓர் அன்பியம் வளர்ந்துள்ளதா என்பதை அறியப் பதிவேட்டின் எண்ணிக்கை போதாது. அடுத்த கூட்டம் எவர் வீட்டில் நடைபெறுகின்றது, அவ்வீட்டுத் தண்ணீரை எவரெவர் வாங்கிப் பருகுகின்றனர் என்று பார்த்தால் போதும். நம் கழகத்தின் படிப்பகங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கும் நாளே நாம் நாடும் நாள். அந்நாளை நோக்கி நம் கழகம் மேலும் பல்லாண்டு தொண்டாற்றுக! வாழ்க கல்வி! வளர்க ஒற்றுமை!