சங்கரதாஸ் சுவாமிகள்

தூ.தா. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடிகர், நாடக ஆசிரியர், பாடலாசிரியர். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று மேடைக் கலைஞர்கள் போற்றும் இவர் பிறந்த ஊர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி. தந்தை தாமோதரன் ராமாயணத்தில் ஊறிய புலவர். அவரிடம் தொடங்கிய தமிழ்ப் பாடம், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் சந்தமுமாக முதிர்ந்தது. வெண்பாவும் வண்ணமும் எழுதக் கற்ற இளைஞருக்குக் கிடைத்த வேலையோ தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கு!

24 வயதில் அந்தக் கணக்கை மூடிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அது 1891. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பொழுதுபோக்காக நடித்தார்கள். இங்கே நடிப்புதான் சோறு.

சுவாமிகள் போட்டவை பெரும்பாலும் பயமுறுத்தும் வேடங்கள்: இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். எமனாகப் பாசக்கயிற்றுடன் அவர் பாய்ந்து வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும், சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியலில் நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு ஒரு பெண் அதிர்ச்சியில் இறந்தாள் என்றும் நாடக உலகில் கதைகள் உண்டு. அதன்பின் அவர் அரிதாரம் பூசவில்லையாம். எவ்வளவு உண்மையோ, நடிகர் வாத்தியாராக மாறியதற்குத் தொழிலில் இருந்தவர்கள் சொல்லிவந்த காரணம் இதுதான். நடுவில் தீர்த்த யாத்திரை போனார். அதிலிருந்து ‘சுவாமிகள்’ ஆனார். புதுக்கோட்டை கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்று லயம் பழக்கினார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். பின்னாளில் பாட்டால் ஊரையே கட்டிப்போட்ட எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே தேறியவர். 1918இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியரானபோது, டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தார்கள். சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்காக ‘அபிமன்யு சுந்தரி’யைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்கிறார் அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’ என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் பேரில் உள்ளன. இன்றைய காதுக்கு அந்த வசனம் நீளம்தான். ஆனால் அவை புத்தகமாகப் படிக்க எழுதியவை அல்ல; நடிகன் நாக்கில் நிற்பதற்காக எழுதியவை. அவர் பலம் அங்கேதான்.

1921இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சை இழந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியே அவர் பெயரில் நின்றது.

பெயரைவிடப் பெரிய சொத்து, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்காக ஒன்றுகூடி ஆடும் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர், ஒத்திகை கிடையாது. ஆர்மோனியம் சுருதி பிடித்ததும் ஆட்டம் தொடங்கிவிடும், எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் பொது என்பதால். தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் வள்ளியும் நாரதரும் இன்றும் விடிய விடியத் தர்க்கம் செய்கிறார்கள்.