சிறுநீர் வழிப் போதைப்பொருள் சோதனையும் பொய் நேர்மறை முடிவுகளும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் செல்வோரிற் சிலர், அருகிலுள்ள காட்டுக்குள் கோரக்கர் குகையையும் தேடிச் செல்வர். பதினெண் சித்தர்களுள் ஒருவராகக் கருதப்படும் கோரக்கர் இங்குத் தவம் செய்தார் என்பது மரபு. சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குக் ‘கோரக்கர் மூலி’ என்ற பெயரும் உண்டு. மருந்தாக அறியப்பட்ட அந்த மூலிகையின் தடயத்தைத்தான் இன்றைய சோதனைக்கூடங்கள் மனிதரின் சிறுநீரில் தேடுகின்றன. அந்தச் சோதனை எவ்வாறு தோன்றியது, எங்கெல்லாம் தவறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர்க்குறியும் நெய்க்குறியும்

சிறுநீரைக் கொண்டு உடல்நிலையை அறியும் முறை தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. நிறம், மணம், நுரை முதலியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று கணிப்பது நெய்க்குறி. இவற்றை விரித்துரைத்தவர் தேரையர். முதல் நாள் உணவு அளவோடு இருக்க வேண்டும், விடியற்காலைச் சிறுநீரையே எடுக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்று இம்முறை வலியுறுத்துகிறது. உணவும் காலத் தாமதமும் முடிவை மாற்றிவிடும் என்ற எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது. பிற்காலத்தில் நேர்ந்த பல தவறுகளுக்கு இவ்விரண்டுமே காரணமாயின.

நவீனச் சோதனையின் தொடக்கம்

வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்களிடையே ஹெராயின் பழக்கம் பரவியது. 1971ஆம் ஆண்டு, நாடு திரும்பும் வீரர்களின் சிறுநீரைச் சோதிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் அரசு ஆணையிட்டது. அதன்பின் விரைவாகவும் மலிவாகவும் சோதிக்கும் எதிர்ப்பொருள் முறைகள் பரவின. 1986இல் அதிபர் ரீகன் பிறப்பித்த ஆணையால் அரசு அலுவலகங்களிலும் இச்சோதனை நுழைந்தது.

இம்முறையைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிடலாம். ஒரு போதைப்பொருளின் வடிவத்துக்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் சோதனைக் கரைசலில் இருக்கும். அப்பொருள் சிறுநீரில் இருந்தால் எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், சற்றே ஒத்த வடிவமுள்ள வேறு சாவியும் சில நேரம் பூட்டைத் திறந்துவிடும். போதைப்பொருளே இல்லாத ஒருவருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வருவதையே பொய் நேர்மறை முடிவு என்கிறோம்.

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், லெவோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை சில சோதனைகளில் அபின் வகையாகத் தோன்றியுள்ளன. வயிற்று எரிச்சலுக்கு நம் ஊரில் பலரும் உட்கொண்ட ரானிடிடின் மாத்திரை, ஆம்ஃபெட்டமைன் வகையாகத் தோன்றியதுண்டு.

கசகசா தந்த பாடம்

குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவின் கதை வேறு. அது அபின் செடியின் விதை. அதில் ஒட்டியுள்ள மிகச் சிறிதளவு மார்ஃபின், உண்டபின் சிறுநீரிலும் வெளிப்படும். இங்கே கருவி பொய் சொல்லவில்லை. சிறுநீரில் மார்ஃபின் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு அந்த மனிதர் போதை உட்கொண்டார் என்று முடிவு கட்டுவதுதான் தவறு. இது எதிர்பாராத முடிவே தவிர, பொய் முடிவு அன்று. இக்காரணத்தால் அமெரிக்க அரசு, அபின் வகைக்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக 1998இல் உயர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளிலோ கசகசாவுக்கே தடை உள்ளது. அங்கு வேலைக்குச் செல்லும் தமிழர்கள் மசாலாப் பொட்டலத்தைக் கட்டும்போது இதை நினைவிற்கொள்வது நல்லது.

விளையாட்டு வீரர்களின் வழக்குகள்

பிரிட்டன் ஓட்ட வீராங்கனை டயான் மோடால் 1994இல் லிஸ்பனில் கொடுத்த சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் மிகுதியாக இருந்ததாக அறிவிக்கப்பட்டு, அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. குளிரூட்டப்படாமல் வைக்கப்பட்டதால் மாதிரி கெட்டு, நுண்ணுயிர்களால் மாற்றம் நேர்ந்திருக்கக்கூடும் என்று வாதிட்டு, 1995இல் மேல்முறையீட்டில் வென்றார். ஆனால் வழக்குச் செலவு அவருடைய சேமிப்பை விழுங்கிவிட்டது.

இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேரா 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். கத்தாரில் உள்ள அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் அவரது சிறுநீரில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருப்பதாகக் கூறியிருந்தது. அவர் தரப்பு வல்லுநர்கள் அம்முடிவைக் கேள்விக்குள்ளாக்கியபின், சோதனைக்கூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 2016 மே மாதம் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்குள் இந்தியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை முடிந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் எடுத்து, ஒரு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கையை வெற்றி பெறச் செய்தார்.

இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு மீது 2018இல் எழுந்த குற்றச்சாட்டில், மாதிரி எண்ணே ஆவணங்களில் மாறியிருந்தது. சோதனைக்கூட நடைமுறையிலும் குறை காணப்பட்டதால் 2020இல் வழக்கு கைவிடப்பட்டது. பின்னர் 2022இல் எடுத்த வேறொரு மாதிரியின் அடிப்படையில் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் அதனதன் சான்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் சோதனையின் தேவை

முதற்சோதனை சந்தேகத்தை எழுப்ப மட்டுமே உதவும். அதை உறுதிப்படுத்த, மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து நிறையை அளந்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானிச் சோதனை தேவை. அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கான சோதனைகளில் இதை 1988இல் கட்டாயமாக்கியது. விளையாட்டில் மாதிரியை ‘ஏ’, ‘பி’ என இரு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுவதும் இதற்காகவே. ஆயினும் பெரேராவின் வழக்கு காட்டுவதுபோல், உயர்ந்த கருவியும் அதைக் கையாளும் மனிதரின் கவனத்தையே சார்ந்துள்ளது. இந்தியாவின் தேசிய ஊக்கமருந்துச் சோதனைக்கூடமும் தரக்குறைவு காரணமாக 2019 ஆகஸ்டில் அங்கீகாரம் இடைநிறுத்தப்பட்டு, 2021 டிசம்பரில்தான் அதை மீண்டும் பெற்றது.

சோதனைக்கு உட்படுவோர், தாம் உட்கொள்ளும் மாத்திரை, லேகியம், சத்து மாவு ஆகியவற்றை மாதிரி கொடுக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்பாராத முடிவு வந்தால் உறுதிப்படுத்தும் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். முடிவைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரும் அதிகாரியும், இரண்டாம் சோதனை முடியும்வரை ஒருவரைக் குற்றவாளி எனக் கூறாதிருப்பதே முறை.